எந்த ஆயில் போட்டால் எஞ்சின் தேயாது? எம்3 பேரிங்குகள் சொல்லும் பதில்

பிஎம்டபிள்யூ எம்3 காரின் வி8 எஞ்சினிலிருந்து கழற்றிய ராட் பேரிங் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால், இவ்வளவு சின்னச் சாமானா இந்தப் பாடு படுத்துகிறது என்று தோன்றும். குழந்தையின் வளையலைப் பாதியாக வெட்டி, கொஞ்சம் அகலமாக்கிய மாதிரி ஒரு தகடு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டை, பிஸ்டனிலிருந்து வரும் ராட் பிடிக்கும் இடத்தில் இது உட்காரும். முதுகுப் பக்கம் எஃகு. உள்பக்கம் செம்பும் ஈயமும் கலந்த ஓர் அடுக்கு, அதற்கு மேலே ஈயம் கலந்த மெல்லிய மேல்பூச்சு. சாவி முனையால் லேசாகக் கீறினாலே கோடு விழும், அவ்வளவு மென்மை. புதிதாக இருக்கும்போது முழுக்க மங்கிய சாம்பல் நிறம். தேய்ந்த பேரிங்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடுவில் சாம்பல் போய்ச் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். அந்த மேல்பூச்சின் மொத்தக் கனமே 10 முதல் 25 மைக்ரான் வரைதான். தலைமுடியின் தடிமனில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது போய்விட்டால் அடுத்து கிராங்க் தண்டு, அதற்கடுத்து எஞ்சினே.

இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள். நிறுவனம் சொன்ன 10டபிள்யூ-60 ஆயில் சரியா, அல்லது 0டபிள்யூ-40 மாதிரி இன்னும் நீர்த்த ஆயில் ஊற்றினால் பேரிங் பிழைக்குமா? இரண்டு பக்கமும் உறுதியாகப் பேசுகிறார்கள், இரண்டு பக்கமும் சான்று காட்டுகிறார்கள். நான் படித்துப் புரிந்துகொண்டவரை இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆயிலை ஒப்பிடும்போது பலரும் டப்பாவின் மேலிருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பேரிங்குக்கு அந்த எண் தெரியாது. தன்னிடம் வந்து சேரும் நேரத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு வருகிறது, இவை இரண்டும்தான் அதற்குக் கணக்கு.

முதலில் எஞ்சின்களைப் பார்ப்போம். 2000இல் வந்த ஈ46 தலைமுறை எம்3யில் இருந்தது 3,246 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின். நிறுவனத்துக்குள் அதன் பெயர் எஸ்54. 7,900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) 343 குதிரைத்திறன். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 91 மி.மீ. ரெட்லைன், அதாவது எஞ்சினை முறுக்கலாம் என்ற உச்ச வேகம், 8,000. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டருக்கு மேல் வருகிறது. வீட்டுக் கார்களின் எஞ்சின்களை எல்லை வரை முறுக்கினாலும் பெரும்பாலும் 20க்குள்தான் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது அதன் எடை முழுவதையும் இழுத்துப் பிடிப்பது அந்தப் பாதி வளையல்தான். சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும். 4,000இல் ஓடும்போது பேரிங் தாங்கும் இழுப்பைப்போல் நான்கு பங்கை 8,000இல் தாங்க வேண்டும்.

எஸ்54 வந்த புதிதில் அதற்கு 5டபிள்யூ-30 ஆயில்தான் ஊற்றினார்கள். சிறிது காலத்திலேயே காஸ்ட்ரால் தயாரித்த 10டபிள்யூ-60க்கு மாற்றினார்கள். அப்படியும் 2001 முதல் 2003 வரை வந்த வண்டிகள் பலவற்றில் ராட் பேரிங் போய் எஞ்சின் உடைந்தது. நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்து பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 6 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டியது.

அடுத்த தலைமுறை எம்3க்கு 2007இல் வந்தது எஸ்65. நான்கு லிட்டர் வி8, 420 குதிரைத்திறன், ரெட்லைன் 8,300. எம்5 காரில் இருந்த வி10 எஞ்சினின் தம்பி. போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் இரண்டும் ஒன்றேதான். 8.8 லிட்டர் ஆயில் பிடிக்கும். இதற்கும் 10டபிள்யூ-60. கேட்பதற்கு இதைவிட இனிமையான வி8 அபூர்வம். ஆனால் இதிலும் ராட் பேரிங் தேய்ந்தது. எஸ்54க்குச் செய்த மாதிரி இதற்குத் திரும்ப அழைப்பு வரவில்லை. அதனால் உரிமையாளர்கள் தாங்களாகவே கையிலிருந்து செலவு செய்து, 1 லட்சம் கிலோமீட்டர் வாக்கில் முன்கூட்டியே பேரிங்கை மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கழற்றியவர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். சாம்பலில் செம்பு எட்டிப் பார்க்கும் அந்தப் படங்களிலிருந்துதான் ஆயில் சண்டை பெரிதானது.

எண்ணெய் எப்படி இரும்பைத் தூக்குகிறது

ஆயில் 'வழவழப்பாக' இருப்பதால் தேய்மானம் குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பேரிங்கில் நடப்பது வேறு. 1883இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் பெட்டிகளின் அச்சு பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஓர் ஓட்டை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் உள்ளே போகவேண்டிய ஆயில் அந்த ஓட்டை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரத்தில் முளை செய்து அறைந்தார். அதுவும் மெல்ல மேலே தள்ளிக்கொண்டு வந்தது. அப்புறம் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. சுற்றும் அச்சு தன்னோடு ஆயிலை இழுத்துக்கொண்டு போய், குறுகிய இடுக்கில் திணிக்கிறது. திணிக்கப்பட்ட ஆயிலில் உண்டாகும் அழுத்தம் மொத்தச் சுமையையும் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டைத்தான் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள்.

மழையில் வேகமாகப் போகும் காரின் டயர் தண்ணீரின்மேல் ஏறி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலையில் அது ஆபத்து. பேரிங்கில் நமக்கு வேண்டியதே அதுதான். இப்படி மிதக்க மூன்று வேண்டும்: சுற்றும் வேகம், ஆயிலின் கெட்டித்தன்மை, ஆயில் தொடர்ந்து வந்துகொண்டிருப்பது. வேகமும் கெட்டியும் கூடினால் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902இல் வரைந்து காட்டிய வளைகோடு இதைத்தான் சொல்கிறது. ஒரு முனையில் முழு மிதப்பு, மறு முனையில் உலோகத்தோடு உலோகம் உரசல், நடுவில் இரண்டும் கலந்த நிலை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சினுக்குள் எல்லா இடமும் இந்தக் கோட்டில் ஒரே இடத்தில் இல்லை. ராட் பேரிங் பெரும்பாலும் முழு மிதப்பில் இருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் மூக்கு வால்வை அழுத்தும் இடம் அப்படியில்லை; பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும் நொடியில் அதைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் வேகம் கிடையாது, படலமும் நிற்காது. அங்கெல்லாம் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனம். அதில் முக்கியமானது துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட இசட்டிடிபி. 1940களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது, இதுவரை அதற்குச் சரியான மாற்று வந்ததாகச் சொல்ல முடியாது. உரசலும் சூடும் சேரும் இடத்தில் அது உலோகத்தின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சை உண்டாக்கும். கனம் சுமார் 100 நானோமீட்டர். தேயத் தேய அந்தப் பூச்சு தேயும், மறுபடி வளரும், உலோகம் தப்பிக்கும்.

சிக்கல் என்னவென்றால் பாஸ்பரஸ் புகையோடு போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது. அதனால் 2004இல் வந்த, ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் எஸ்எம் தரம் 5டபிள்யூ-30 போன்ற நீர்த்த கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. பழைய காற்றுக் குளிர்விப்பு போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் அந்த மாற்றத்தைப் பார்த்துப் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் 40, 50, 60 கிரேடுகளுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. எஸ்54 எஞ்சினின் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே சறுக்கி அழுத்தும் விரல் மாதிரியான உறுப்பு இருக்கிறது; கெட்டி ஆயில் கேட்டதில் இதுவும் ஒரு லாபம்.

ஆக, 'எந்த ஆயிலில் தேய்மானம் குறைவு' என்று யாராவது கேட்டால், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கேமைக் காக்கும் ரசாயனம் பேரிங்குக்குக் கடைசித் துணைதான். பேரிங்குக்கு முதல் துணை ஆயிலின் கெட்டி.

டப்பாவில் இருக்கும் எண்

10டபிள்யூ-60 என்பதில் முதல் பாதி குளிரில் எஞ்சின் சுற்றுமா என்பதைச் சொல்கிறது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில் சோதிப்பார்கள், 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35இல். பின்பாதி, 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பது. 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) வரை. 60 கிரேடு என்றால் 21.9 முதல் 26.1 வரை. எண் கூடினால் கெட்டி கூடும், அவ்வளவுதான். எண் கூடினால் தரம் கூடும் என்று பொருள் கிடையாது.

இதைவிடப் பேரிங்குக்கு நெருக்கமான அளவு ஒன்று உண்டு. எச்டிஎச்எஸ் என்பார்கள். 150 டிகிரிச் சூட்டில், மிக வேகமாக நசுக்கி உரசும் நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று பார்ப்பது. ஏன் தனியாக ஒரு சோதனை? 0டபிள்யூ-40, 10டபிள்யூ-60 மாதிரி ஆயில்களில் நீளமான பாலிமர் சங்கிலிகளைக் கலந்திருப்பார்கள். சூட்டில் அவை விரிந்து ஆயிலைக் கெட்டியாகக் காட்டும். பேரிங்குக்குள் நசுங்கும்போது அதே சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் படுத்துவிடும், கெட்டி இறங்கிவிடும். எச்டிஎச்எஸ் அந்த உண்மை நிலையைக் காட்டும். 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 0டபிள்யூ-40க்கு 3.5. நல்ல 10டபிள்யூ-60 ஆயில்கள் 5ஐத் தாண்டும். ஆயில் வாங்கும்போது ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

'சிந்தெட்டிக்' என்ற சொல்லை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆழமாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெயையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1999இல் அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று முடிவு சொன்ன பிறகு, அந்தச் சொல் அடிப்படை எண்ணெய் எது என்பதைச் சொல்வதில்லை.

இப்போது இரண்டு ஆயில்களையும் பக்கத்தில் வைப்போம். பொதுவான ஒரு 10டபிள்யூ-60 எடுத்தால் 40 டிகிரியில் சுமார் 160 சென்டிஸ்டோக்ஸ், 100 டிகிரியில் சுமார் 23. பொதுவான ஒரு 0டபிள்யூ-40 எடுத்தால் 40 டிகிரியில் சுமார் 75, 100 டிகிரியில் சுமார் 13.5. இந்த எண்களை வைத்து நடுவில் உள்ள வெப்பநிலைகளுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். எனக்கு இந்தச் சண்டை தெளிவானது அப்போதுதான்.

100 டிகிரியில் 0டபிள்யூ-40 இருக்கும் அதே கெட்டிக்கு 10டபிள்யூ-60 வர வேண்டுமானால் அது சுமார் 125 டிகிரி வரை சூடாக வேண்டும். சாதாரணச் சாலையில் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பந்தயத் தடத்தில் விடாமல் ஓட்டினால் 120, 130 என்று ஏறும். அதாவது, தடத்தில் கொதிக்கும் 10டபிள்யூ-60, ஊருக்குள் ஓடும் 0டபிள்யூ-40 அளவுக்குத்தான் கெட்டி. கெட்டி ஆயில் கேட்ட பொறியாளர்கள் இந்த நிலையை மனதில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் வேகக் கட்டுப்பாடு இல்லாத நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டும் வண்டிக்கும் அதே கணக்குத்தான்.

மறுமுனையைப் பாருங்கள். 60 டிகிரியில் 10டபிள்யூ-60 சுமார் 73 சென்டிஸ்டோக்ஸ். 0டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டி அது. வீட்டிலிருந்து கிளம்பி ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வெப்பமானி நடுவுக்கு வந்துவிடும்; ஆயில் அப்போதும் 60இல்தான் நின்றுகொண்டிருக்கும். ஓட்டுபவர் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைத்து 7,000 வரை முறுக்குவார். பேரிங்குக்கு வருவது, வேலை செய்ய வேண்டிய கெட்டியைப்போல் மூன்று மடங்கு கெட்டியான பாகு.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராமல் உறைந்து நிற்குமே, அந்த அளவுக்கு மோட்டார் ஆயில் சென்னையில் என்றைக்கும் உறையாது. ஆனால் குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தான் இந்தக் கவலை என்று விட்டுவிடவும் முடியாது. 30 டிகிரி வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியிலும் 10டபிள்யூ-60, 100 டிகிரியில் இருப்பதைப்போல் சுமார் 11 மடங்கு கெட்டி.

இடைவெளி என்ற இன்னொரு அளவு

கெட்டியாக இருந்தால் படலம் தடிக்கும் என்று சொல்லிவிட்டு, கெட்டி கூடினால் ஆபத்து என்றும் சொல்கிறேனே, முரண்பாடு இல்லையா? இல்லை, காரணம் இடைவெளி. கிராங்கின் முழங்காலுக்கும் (ராட் பிடித்திருக்கும் உருளைப் பகுதி) பேரிங்குக்கும் நடுவே ஆயில் ஓட விட்டிருக்கும் இடம் அது. எஞ்சின் கட்டுபவர்கள் பழகி வந்த ஒரு கணக்கு, ஓர் அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி. வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார்கள். எஸ்65இன் முழங்கால் விட்டம் 52 மி.மீ. கணக்குப்படி 50 மைக்ரானை ஒட்டி இடைவெளி இருக்க வேண்டும். அமெரிக்காவில் பல எஞ்சின்களைப் பிரித்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 30 முதல் 38 மைக்ரான்.

இடைவெளி குறைந்தால் சுமை தாங்கும் திறன் கூடும், அது உண்மை. ஆனால் ஆயில் ஓட்டம் அதைவிட வேகமாகக் குறையும். அழுத்தத்தால் தள்ளப்படும் ஆயிலின் அளவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. 50 மைக்ரானுக்குப் பதில் 35 என்றால் வரும் ஆயில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதிலும் ஆயில் கெட்டியாக இருந்தால் இன்னும் குறையும். பேரிங்கில் உண்டாகும் சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அதே ஆயில்தான். அது வரவில்லை என்றால் உள்ளே சூடேறும், படலம் அந்த இடத்திலேயே மெலியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அழுத்தமானி நன்றாக உயர்ந்து நிற்பதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. அந்த அழுத்தம், ஆயில் போக மறுக்கிறது என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஓர் அளவுக்கு மேல் பம்ப்பின் விடுவிப்பு வால்வு திறந்து, பேரிங்குக்குப் போகவேண்டிய ஆயிலை அடியிலுள்ள தொட்டியான சம்ப்புக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இடுக்கமான இடைவெளிக்கு நீர்த்த ஆயில், தாராளமான இடைவெளிக்குக் கெட்டி ஆயில் என்பது பழைய மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த பாடம். எஸ்65இல் இடுக்கமான இடைவெளியும் மிகக் கெட்டியான ஆயிலும் ஒன்றாக வந்து அமைந்தன. 0டபிள்யூ-40 ஊற்றச் சொல்பவர்களின் வாதம் இதுதான், அதை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. இன்னும் சிலர் ஆயிலைத் தொடாமல், கூடுதல் இடைவெளி விட்ட பேரிங்குகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். என் பார்வையில் அது நோயின் வேருக்குக் கொடுக்கும் மருந்து. ஆயிலை மாற்றுவது அறிகுறிக்குக் கொடுக்கும் மருந்து. பயன் இருக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான்.

ஒப்பிட்டுப் பார்ப்பது ஏன் கடினம்

ஆயில் மாற்றும்போது கொஞ்சம் பழைய ஆயிலைச் சின்னப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பழக்கம் இந்த உரிமையாளர்களிடம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. நிறமாலை இயந்திரத்தில் ஆயிலை எரித்து, இரும்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பிபிஎம் கணக்கில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) சொல்வார்கள். ஈயம் கூடினால் பேரிங்கின் மேல்பூச்சு கரைகிறது என்று பொருள். நல்ல பழக்கம், செய்ய வேண்டும். ஆனால் இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து, ஓர் ஆயில் வென்றது, இன்னொன்று தோற்றது என்று முடிவு கட்டுவதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

அந்த இயந்திரத்துக்குச் சுமார் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் சரியாகத் தெரியாது. மெல்ல மெல்லத் தேயும் பேரிங்கைக் காட்டிக்கொடுக்கும். செதில் செதிலாகப் பெயரும் பேரிங்கைத் தவறவிடலாம். செதில்கள் ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும் என்பதால் ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்ப்பது அறிக்கைக்குச் சமமான வேலை. இரண்டாவது, இந்த எஞ்சின்கள் ஆயில் குடிக்கும். நடுவில் இரண்டு லிட்டர் புது ஆயில் ஊற்றியிருந்தால் பிபிஎம் எண் தானாகக் குறைந்து தெரியும், தேய்மானம் குறைந்திருக்காது. மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2010ஐ ஒட்டி எஸ்65இன் பேரிங்குகளை ஈயம்-செம்பிலிருந்து அலுமினியம்-வெள்ளீயத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிந்தைய வண்டியின் அறிக்கையில் ஈயம் 2 பிபிஎம் என்று வந்தால் கொண்டாட ஒன்றுமில்லை. அந்த பேரிங்கில் ஈயமே கிடையாது. பழைய வண்டியில் கெட்டி ஆயிலும் புது வண்டியில் நீர்த்த ஆயிலும் ஊற்றி ஈயத்தை ஒப்பிட்டவர்கள் ஆயிலை ஒப்பிடவில்லை, உலோகத்தை ஒப்பிட்டிருக்கிறார்கள்.

இணையத்தில் பலர் காட்டும் இன்னொரு சோதனை நான்கு குண்டுச் சோதனை. மூன்று எஃகுக் குண்டுகளை ஆயிலில் அசையாமல் பிடித்துவைத்து, நான்காவதை மேலே வைத்து அழுத்திச் சுற்றுவார்கள்: 75 டிகிரியில், நிமிடத்துக்கு 1,200 சுற்று, ஒரு மணி நேரம். குண்டில் விழுந்த தழும்பின் அகலத்தை அளப்பார்கள். தரப்படுத்தப்பட்ட, மதிப்புள்ள சோதனைதான். ஆனால் குண்டின்மேல் குண்டு தொடும் அந்த ஒரு புள்ளியில் டவர் பார்த்த மாதிரி மிதப்பு உண்டாவதில்லை. ராட் பேரிங்கின் கதையை அது சொல்லாது. கையால் நெம்புகோலை அழுத்தி, சுற்றும் வளையத்தின்மேல் உருளையை உரசிக் காட்டும் மேடை வித்தை இன்னும் மோசம். அதில் ஷாம்பு நல்ல மோட்டார் ஆயிலையே தோற்கடித்துவிடும். யாரும் ஷாம்பு ஊற்றி வண்டி ஓட்டுவதில்லை.

தொழில் தரச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. ஏபிஐ முத்திரைக்கான கேம் தேய்மானச் சோதனையைப் பல ஆண்டுகள் நிசானின் 2.4 லிட்டர் எஞ்சினில்தான் நடத்தினார்கள். 100 மணி நேரம், 800க்கும் 1,500க்கும் நடுவே மெல்ல ஓடவிட்டு. டாக்சி மாதிரி நின்று நின்று ஓடும் வண்டிக்குப் பொருத்தமான சோதனை. 8,000இல் கத்தும் எஞ்சினின் ராட் பேரிங்கைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. தேய்மானத்தை நேரடியாகப் பார்க்க இருக்கும் வழி கதிரியக்கம். பேரிங்கின் மேற்பரப்பை லேசாகக் கதிரியக்கம் உள்ளதாக ஆக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயிலில் சேரும் கதிர்வீச்சை அளப்பார்கள். அமெரிக்காவில் சான் அன்டோனியோவில் உள்ள சவுத்வெஸ்ட் ஆய்வு நிறுவனம் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. ஸ்டார்ட் செய்யும் நொடி, முறுக்கும் நொடி, ஓய்வில் ஓடும் நேரம் என்று தனித்தனியாகத் தேய்மானம் தெரியும். ஆயில்களை ஒப்பிட இதுதான் சரியான வழி, வீட்டில் செய்ய முடியாத வழியும்கூட.

மற்ற நிறுவனங்கள் என்ன செய்தன என்று பார்த்தாலும் ஒரே பாடம் வருகிறது. ஃபோர்டு தன் ஐந்து லிட்டர் மஸ்டாங்குக்குச் சாலையில் 5டபிள்யூ-20 சொன்னது. அதே குடும்பத்து எஞ்சினை 2012இல் தடத்துக்கென்று பாஸ் 302 காரில் வைத்தபோது 5டபிள்யூ-50 சொன்னது. செவர்லே கார்வெட்டின் கையேடு சாலைக்கு 5டபிள்யூ-30, தடத்துக்கு 15டபிள்யூ-50, வீடு திரும்பியதும் மறுபடி பழையது என்று எழுதியது. 2019 மாடலில் இரண்டுக்கும் பொதுவாக 0டபிள்யூ-40க்கு வந்து சேர்ந்தது. அங்கே எஞ்சின் மாறவில்லை, ஆயில் எட்டும் சூடுதான் மாறியது. எம்3க்கே 2014இல் டர்போ எஞ்சின் வந்தபோது ரெட்லைன் இறங்கியது, 10டபிள்யூ-60ஐயும் விட்டுவிட்டார்கள்.

சரி, எஸ்65 வைத்திருக்கும் ஒருவர் என்ன ஊற்றலாம்? உத்தரவாதம் இருந்த காலத்தில் கையேடு சொன்னதைத் தவிர வேறு பேச்சே இல்லை. இப்போது அந்த வண்டிகள் எல்லாமே உத்தரவாதம் முடிந்தவை. அடிக்கடி தடத்துக்குப் போகும் வண்டி, ஆயில் 120ஐத் தாண்டும் வண்டி என்றால் நான் 10டபிள்யூ-60ஐ மாற்ற மாட்டேன். பாலிமர் சங்கிலிகள் நசுங்கி அறுந்து, 60 கிரேடு ஆயில் ஓட ஓட 50 கிரேடுக்கு இறங்கிவிடுவது உண்டு. அதனால் சீக்கிரம் மாற்றுவேன். ஊருக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டி, அதுவும் குளிர்நாட்டில், இடைவெளி இடுக்கமான பழைய பேரிங்கோடு என்றால் எச்டிஎச்எஸ் 3.5க்கு மேலுள்ள நல்ல 0டபிள்யூ-40 ஊற்றுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கூடுதல் இடைவெளி பேரிங் போட்டுவிட்டால் மறுபடி கெட்டி ஆயிலுக்குப் போகலாம். எதை ஊற்றினாலும் ஆயில் 80 டிகிரியைத் தாண்டும்வரை பாதி ரெட்லைனுக்கு மேல் போகக் கூடாது. இந்த ஒன்று எந்த ஆயிலை வாங்கினாலும் கூடவே வேண்டும்.

பழைய ஈ46 எம்3யில் சுற்று வேகம் காட்டும் டேக்கோமீட்டரைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். முட்களைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன விளக்குகள். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் 4,000க்கு மேலே உள்ள விளக்குகள் எல்லாம் வரிசையாக எரியும். இப்போதைக்கு உன் ரெட்லைன் இதுதான் என்று பொருள். பக்கத்திலேயே ஆயிலுக்கென்று தனி வெப்பமானி. தண்ணீர் முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகும் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆயில் சூடாகச் சூடாக 4,000 அணையும், அப்புறம் அடுத்தது, அதற்கு அடுத்தது. கடைசி விளக்கு அணைய பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். அதுவரை அந்த எஞ்சினைத் தாழ்ந்த குரலிலேயே பேசவிட வேண்டும்.